ஆணையிட்டால் வருமா தன்னாட்சி?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கை மிகச் சிறியது: நான்கு மதிப்புகள், 12 கொள்கைகள். நடைமுறைகளையும் கருவிகளையும்விட வேலை செய்யும் மனிதர்களும் அவர்களுக்குள் நடக்கும் உரையாடலும் மேலானவை என்று அது சொன்னது. தம்மைத் தாமே ஒழுங்கமைத்துக்கொள்ளும் குழுக்களிடமிருந்தே சிறந்த வடிவமைப்பு பிறக்கும் என்றும் நம்பியது. ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்களின் அனுபவத்தில் விளைந்த இந்தச் சிந்தனை, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வங்கிகளுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் பரவியது. பல இடங்களில் அது தலைமை அலுவலகத்திலிருந்து இறங்கிய சுற்றறிக்கையாகத்தான் போய்ச் சேர்ந்தது. அடுத்த காலாண்டு முதல் எல்லாக் குழுக்களும் தாமே முடிவெடுக்கும் குழுக்களாக இயங்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வருகிறது. அந்த முடிவை மட்டும் குழுக்கள் எடுக்கவில்லை.

இந்த முரண்பாட்டை முதலில் கண்டுகொள்பவர்கள் பெரும்பாலும் கீழே வேலை செய்பவர்களே. அவர்கள் தயங்கும்போது, அந்தத் தயக்கத்தை எதிர்ப்பு என்று பதிவு செய்து, அதைக் கடப்பதற்கு வழி தேடுகிறது நிர்வாகவியல். பயிற்சி வகுப்பு, ஊக்கத்தொகை, ஆலோசகர்கள் என்று அந்த வழிகள் பல. ஆனால் அடியில் கிடப்பது நிர்வாகவியல் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே சமயவாதிகளும் தத்துவவாதிகளும் மோதிக்கொண்ட ஒரு கேள்வி. ஒருவர் உள்ளத்தால் ஏற்க வேண்டிய ஒன்றை, வெளியிலிருந்து வரும் அதிகாரம் அவருக்குள் உண்டாக்க முடியுமா?

இந்தக் கேள்வியின் கூர்மையான வடிவம் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிடைக்கிறது. மதச் சகிப்புத்தன்மை குறித்து ஜான் லாக் எழுதிய கடிதம் 1689இல் வெளிவந்தது. அரசனின் கையில் இருப்பது புறவலிமை, நம்பிக்கை என்பதோ அகத்தின் இசைவு. அபராதமும் சிறையும் ஒருவரைத் தேவாலயத்துக்கு இழுத்து வரலாம், அவர் மனத்தில் ஒரு கருத்தைக்கூட மாற்ற முடியாது என்பது அவர் வாதம். மறு ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜோனாஸ் ப்ரோஸ்ட் என்ற மதகுரு பதில் எழுதினார். வற்புறுத்தல் நேரடியாக நம்பிக்கையை உண்டாக்காது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் சோம்பலாலும் பழக்கத்தாலும் யோசிக்கவே மறுப்பவரை, மிதமான தண்டனை யோசிக்க வைக்கும். யோசித்தால் உண்மையின் பலம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றார். லாக்கின் முதல் வாதத்தில் இருந்த ஓட்டையை ப்ரோஸ்ட் சரியாகவே பிடித்தார் என்பதைத் தயங்காமல் சொல்லலாம். புறச்சூழல் மனத்தை மாற்றவே மாற்றாது என்பது அனுபவத்துக்கு ஒவ்வாத கூற்று.

லாக் அளித்த பதில்களில் ஒன்று இன்றைய அலுவலகங்களுக்கும் நேராகப் பொருந்துகிறது. தண்டனை யார் மீது விழுகிறது என்று பாருங்கள் என்றார் அவர். யோசிக்காதவர்களைத் தண்டிப்பதாகச் சட்டம் சொல்லிக்கொள்கிறது. உண்மையில் அது தண்டிப்பது மாறுபடுபவர்களை. எதையும் யோசிக்காமல் எல்லோரோடும் தேவாலயத்துக்குப் போகிறவர் தப்பித்துக்கொள்கிறார். ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, அதன் பிறகும் உடன்பட முடியாதவர் அபராதம் கட்டுகிறார். ஒரு நிறுவனம் அஜைல் நடைமுறையை ஏற்றவர்களைப் பட்டியலிட்டு மதிப்பெண் தரும்போதும் இதுவே நடக்கிறது. தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டத்துக்கு வந்து நேற்று செய்ததையும் இன்று செய்யப்போவதையும் ஒப்பித்துவிட்டுப் போகிறவர் மாற்றத்துக்குத் தயாரானவர் என்று பெயர் எடுக்கிறார். வாடிக்கையாளரை யாருமே சந்திக்காதபோது இரண்டு வாரத்துக்கொரு ஸ்பிரின்ட் என்ற குறுகிய வேலைச்சுற்று எதற்கு என்று கேட்பவர் பழமைவாதி ஆகிறார்.

புறவடிவம் மட்டும் பரவும்போது என்ன ஆகும் என்பதை அறிய நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சக ஊழியர்கள் தமக்குள் வேலையை ஒருங்கிணைத்துக்கொள்ள உண்டான 15 நிமிடக் கூட்டம், மேலாளருக்குக் கணக்கு ஒப்படைக்கும் வருகைப்பதிவாக மாறுகிறது. வேலையின் அளவைக் குத்துமதிப்பாகப் பேசிக்கொள்ள வந்த ஸ்டோரி பாயின்ட், இரண்டு குழுக்களை ஒப்பிட்டுச் சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் அளவுகோலாகிறது. உடனே எல்லாக் குழுக்களின் புள்ளிகளும் வீங்கத் தொடங்குகின்றன. அமெரிக்க வாடிக்கையாளரின் காலை நேரத்துக்காகச் சென்னையிலும் பெங்களூரிலும் இரவில் நடக்கும் ஸ்டாண்ட்-அப்களில், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது தொழிலில் உள்ள யாருக்கும் செய்தி அல்ல. அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸே 2018இல், மேலிருந்து திணிக்கப்படும் போலி அஜைலை நிரலாளர்கள் கைவிட வேண்டும் என்று எழுதினார். லாக் இதைக் கண்டு வியந்திருக்க மாட்டார்.

எனினும் மறுபக்கத்து வாதத்தை இத்துடன் தள்ளிவிட முடியாது. அதற்கு ப்ரோஸ்ட்டைவிடப் பெரிய துணைகள் உண்டு. நம்ப விரும்பியும் நம்ப முடியாதவருக்குப் பாஸ்கல் சொன்ன யோசனை, நம்புகிறவர்கள் செய்வதையெல்லாம் நீயும் செய் என்பதுதான்: வழிபாட்டில் கலந்துகொள், தீர்த்தம் எடுத்துக்கொள், நம்பிக்கை பின்னால் வரும். அரிஸ்டாட்டில் அதற்கும் முந்தியவர். யாழ் வாசித்து வாசித்தே ஒருவர் யாழ்க் கலைஞர் ஆவதுபோல, நீதியான செயல்களைச் செய்து செய்தே நீதிமான் ஆகிறார் என்பது அவருடைய அறவியலின் அடிப்படை. பழக்கம் முன்னே, பண்பு பின்னே. இந்தக் கணக்கில் பார்த்தால், முதலில் நடைமுறையை உத்தரவாகக் கொண்டுவருவதில் தவறில்லை. மனம் தானாக வந்து சேரும். மாற்றத்தைத் திட்டமிடும் நிர்வாகிகள் பெரும்பாலோர் பெயர் தெரியாமலேயே அரிஸ்டாட்டிலின் கட்சியில்தான் இருக்கிறார்கள்.

இந்த இரு கட்சிகளையும் நிஜ வாழ்க்கையில் உரசிப் பார்க்க ஒரு வாய்ப்பு, மென்பொருளுக்கு வெளியே, கலிஃபோர்னியாவின் கார் தொழிற்சாலைகளில் கிடைத்தது. அஜைல் வட்டாரம் டொயோட்டாவின் உற்பத்தி முறையிலிருந்து நிறையக் கடன் வாங்கியிருப்பதால் இந்த உரசல் பொருத்தமானதும்கூட. ஃபிரிமான்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்த நிறுவனத்தின் மோசமான ஆலைகளுள் ஒன்று என்று பேர்போனது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சாதாரணம். பணிநேரத்தில் குடி, திடீர் வேலைநிறுத்தம், குவிந்து கிடந்த புகார் மனுக்கள். எது நடந்தாலும் அசெம்ப்ளி லைன் நிற்கக் கூடாது என்பதுதான் அங்கே எழுதாத சட்டம். தவறான பாகம் பொருத்தப்பட்ட கார் அப்படியே நகர்ந்து போகும். கடைசியில் முற்றத்தில் வைத்துச் சரிசெய்துகொள்வார்கள். 1982இல் ஆலை மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதை நம்மி என்ற பெயரில் திறந்தன. சங்கம் பழைய சங்கம். தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பழைய ஆட்கள். நிர்வாகம் டொயோட்டாவுடையது.

நூற்றுக்கணக்கான குழுத் தலைவர்கள் ஜப்பானின் டகாவோகா ஆலைக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட வேலைப் பிரிவுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன. லைனுக்கு மேலே ஒரு கயிறு தொங்கியது. குறை தென்பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம்; குழுத் தலைவர் ஓடி வருவார்; ஒரு நிமிடச் சொச்சத்துக்குள் சிக்கல் தீராவிட்டால் லைன் நிற்கும். பழைய ஆலையில் வேலையை இழக்க வைத்திருக்கக்கூடிய ஒரு செயலுக்கு இங்கே மேலாளர் நன்றி சொன்னார். ஒரு வேலையை எத்தனை அசைவில், எத்தனை நொடியில் செய்வது என்று முன்பு பொறியாளர்கள் நின்று அளந்தார்கள். இப்போது நிறுத்துக்கடிகாரம் தொழிலாளர் குழுவின் கைக்கே வந்தது. மேலாளர்களுக்குத் தனி உணவகமும் தனி வாகன நிறுத்துமிடமும் இல்லை. வேலைக்கு வராதவர்களின் விகிதம் முன்பிருந்ததில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. கார்களின் தரம் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைகளோடு ஒப்பிடத்தக்கதாக உயர்ந்தது.

அங்கே பணியாற்றிய ஜான் ஷூக் பின்னாளில், 2010இல், இதைப் பற்றி எழுதியபோது அரிஸ்டாட்டில் பக்கமே சாய்ந்தார்: மனப்பான்மையை மாற்றிவிட்டுச் செயலை மாற்ற முயல வேண்டாம், செயலை மாற்றினால் மனப்பான்மை பின்தொடரும். நம்மி அதற்குச் சாட்சிபோலத்தான் தெரிகிறது. யாரும் கயிற்றின் தத்துவத்தை நம்பிவிட்டு அதை இழுக்கவில்லை. இழுத்துப் பார்த்தார்கள், திட்டு விழவில்லை, உதவி வந்தது, நம்பினார்கள்.

ஆனால் அதே மாநிலத்தில், அதே நிறுவனத்தில், அதே தொழிற்சங்கத்தின் கீழ் இன்னொரு ஆலை இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே வான் நைஸில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்கு 1980களின் பிற்பாதியில் நம்மியின் குழுமுறை கொண்டுசெல்லப்பட்டது. குழுக்கள் வந்தன, பயிற்சி வந்தது, கூட்டங்கள் வந்தன. சங்கம் இரண்டாகப் பிளந்தது. மூப்புரிமை போய்விடும், ஆட்குறைப்புக்கு இது முன்னோட்டம் என்று ஒரு சாரார் அஞ்சினார்கள். மேலாளர்களின் மதிப்பீடோ எத்தனை கார் வெளியேறியது என்ற பழைய கணக்கிலேயே நின்றது. லைனை நிறுத்தும் அதிகாரம் நடைமுறையில் தொழிலாளி கைக்கு வந்து சேரவில்லை. 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது. நம்மியை நகலெடுக்க ஆசைப்பட்ட ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் உயர் அதிகாரி, அதன் ஒவ்வோர் அங்குலத்தையும் படம் பிடித்து வந்து நம் ஆலையும் அப்படியே தோற்றமளிக்கச் செய்யுங்கள் என்று உத்தரவிட்டதாக அங்கிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கயிறு படத்தில் விழும். கயிற்றை இழுத்தவரைத் திட்டாமல் இருந்த மேலாளரின் நடத்தை எந்தப் படத்திலும் விழாது.

இரண்டு ஆலைகளிலும் வற்புறுத்தல் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபிரிமான்ட்காரர்கள் இரண்டு ஆண்டு வேலையின்றி இருந்து திரும்பியவர்கள். வான் நைஸ்காரர்கள் மூடப்படலாம் என்ற மிரட்டலின் நிழலில் வேலை செய்தவர்கள். மூடலை அனுபவிப்பதும் அதை எதிர்பார்த்திருப்பதும் ஒன்றல்ல என்று வாதிடலாம், அது நியாயமும்கூட. ஆயினும் அச்சம் இரு பக்கமும் இருந்தபோது, விளைவில் இத்தனை வேறுபாடு அச்சத்தால் மட்டும் வந்திருக்க முடியாது. ஃபிரிமான்ட்டில் நிர்வாகம் தன்னிடமிருந்து எதையோ விட்டுக்கொடுத்தது. 1980களின் இறுதியில் விற்பனை சரிந்து ஆலையின் திறனில் பெரும்பகுதி சும்மா கிடந்தபோது அங்கே யாரும் வெளியேற்றப்படவில்லை. வேலை இல்லாதவர்கள் பயிற்சிக்கும் மேம்பாட்டுப் பணிகளுக்கும் போனார்கள். ஆட்குறைப்புக்கு முன் மேலாளர்களின் சம்பளம் குறையும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. குழுமுறையின் வடிவம் இரு ஆலைக்கும் பொது. விட்டுக்கொடுத்தல் ஒன்றில் மட்டுமே.

பழக்கம் பண்பாகும் என்ற கோட்பாட்டுக்கு இங்கே ஒரு நிபந்தனை தெரிகிறது. அதை அரிஸ்டாட்டிலே வைத்திருக்கிறார். அவரை மேற்கோள் காட்டும் பலர் அந்தப் பகுதியைப் படிப்பதில்லை போலும். ஒருவர் தற்செயலாகவோ பிறர் சொல்லிக்கொடுத்தோ பிழையின்றி எழுதிவிட்டால் இலக்கணம் அறிந்தவர் ஆகிவிட மாட்டார் என்கிறார். அறிந்து, தானே தேர்ந்து, உறுதியான மனநிலையிலிருந்து செய்யும் செயல்தான் அறச்செயல். தேர்வுக்கே இடமில்லாத இடத்தில் ஆயிரம் முறை திரும்பச் செய்தாலும் உருவாவது சலிப்பு என்ற பழக்கம் மட்டுமே. ஸ்பிரின்ட் முடிவில் மறுபரிசீலனைக் கூட்டம் நடத்தி, அங்கே சொல்லப்பட்ட குறைகளில் ஒன்றைக்கூடச் சரிசெய்யக் குழுவுக்கு அதிகாரம் இல்லையென்றால், அந்தக் கூட்டம் குறை சொல்வது வீண் என்பதையே இரண்டு வாரத்துக்கொரு முறை கற்பிக்கிறது.

இதே கேள்வியை உளவியலாளர்கள் சோதனையாகவே நடத்திப் பார்த்ததுண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற ஆடைத் தொழிற்சாலை பைஜாமா தைத்துக்கொண்டிருந்தது. அங்கே லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் இருவரும் நடத்திய ஆய்வு 1948இல் வெளியானது. வேலைமுறையில் செய்யவிருந்த சிறு மாற்றங்களை ஒரு குழுவுக்கு அறிவிப்பாகச் சொன்னார்கள். மற்றொரு குழுவில் பிரதிநிதிகள் மூலம் கலந்தார்கள். வேறு குழுக்களில் எல்லோரையும் அமர்த்தி மாற்றத்தை அவர்களோடு சேர்ந்தே வடிவமைத்தார்கள். அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவின் உற்பத்தி விழுந்து எழவேயில்லை. முதல் 40 நாட்களில் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டே போனார்கள். எல்லோரும் கலந்துகொண்ட குழுக்கள் விரைவில் மீண்டு, பழைய அளவையும் தாண்டின. எதிர்ப்பைக் கடப்பது என்ற சொற்றொடரைத் தலைப்பிலேயே கொண்டிருந்த இந்த ஆய்வு பிறகு நிர்வாகவியலில் கிட்டத்தட்ட வேதம்போல ஓதப்பட்டது.

ஆனால் நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் ஃப்ரெஞ்ச்சும் வேறு இருவரும் அதே ஆய்வைத் திரும்பச் செய்து 1960இல் வெளியிட்டபோது, கலந்துகொண்ட குழுக்களுக்கும் கலந்துகொள்ளாத குழுக்களுக்கும் உற்பத்தியில் வேறுபாடு தென்படவில்லை. குழுக்களிடம் விடப்பட்ட முடிவுகள் உற்பத்தியோடு பெரிதாகத் தொடர்பில்லாதவை என்பது ஒரு காரணம். தொழிலாளரின் குரல் சங்கத்தின் வழியாகப் போவதே முறை என்று அங்கே பலர் கருதியது இன்னொன்று. கருத்துக் கேட்டல் என்பது ஒரு மருந்தல்ல. கேட்கப்படும் விஷயம் கேட்கத் தக்கதாக இருக்க வேண்டும்; கேட்கும் வழி கேட்கப்படுபவர்களுக்கு முறையானதாகத் தோன்ற வேண்டும். சுவரின் நிறம் எதுவாக இருக்கலாம் என்று வாக்கெடுப்பு நடத்திவிட்டு, யாருடைய வேலை போகிறது என்பதை மூடிய அறையில் முடிவுசெய்யும் நிறுவனங்கள் நார்வேயின் பாடத்தைப் படிக்கவில்லை.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக எதிர்ப்பதில்லை. சிலருக்கு அது சோம்பல்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. முந்தைய மூன்று சீர்திருத்தங்கள் வந்து போனதைப் பார்த்தவர்கள் இதுவும் போகும் என்று காத்திருக்கிறார்கள், பெரும்பாலும் அவர்கள் கணிப்பு சரியாகவே இருக்கிறது. நடு மட்ட மேலாளரின் நிலை வேறு. குழு தானே முடிவெடுத்தால் அவருக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு எந்தச் சுற்றறிக்கையும் விடை தருவதில்லை. மேலே இருப்பவர் அதிகாரத்தைப் பகிர்வதாக அறிவிக்கும்போது, பகிரப்படுவது பெரும்பாலும் இவருடைய அதிகாரம்தான். அறிவித்தவருடையது அப்படியே இருக்கிறது. இவர் எதிர்ப்பதைக் குணக்கேடாகப் பார்ப்பது அநியாயம்.

இன்னும் சிலருடைய எதிர்ப்பு அறிவு சார்ந்தது. சாலைக்குக் குறுக்கே ஒரு வேலி நின்றால், அது எதற்காகப் போடப்பட்டது என்று தெரிந்துகொள்ளாதவருக்கு அதைப் பிடுங்கும் உரிமை இல்லை என்று ஜி. கே. செஸ்டர்டன் 1929இல் எழுதினார். ஒரு வங்கியில் மென்பொருளை வெளியிடுமுன் மூன்று கையொப்பம் தேவைப்படுவது வெறும் சிவப்பு நாடாவாக இருக்கலாம். என்றோ நடந்த ஒரு பெரும் பிழைக்குப் பின் கட்டப்பட்ட வேலியாகவும் இருக்கலாம். அந்த வரலாறு தெரிந்தவர் பெரும்பாலும் பழைய ஊழியரே, எதிர்ப்பாளர் என்று குறிக்கப்பட்டவரே. நம்மியும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதல்ல. குழுமுறை என்பது அழுத்தத்தின் மூலம் நிர்வகிப்பது, தொழிலாளி மூச்சுவிடும் இடைவெளியைக்கூட அது உறிஞ்சிவிடுகிறது என்று மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988இல் தொழிற்சங்கத் தரப்பிலிருந்து விரிவாக வாதிட்டார்கள். நிறுத்துக்கடிகாரம் தன் கைக்கு வந்த பிறகும் அது நிறுத்துக்கடிகாரமே.

முழு நிறுவனத்தையும் ஒரே வீச்சில் மாற்றுவதன் அறச்சிக்கலுக்கு நெதர்லாந்தின் ஐஎன்ஜி வங்கி ஓர் உதாரணம். 2015இல் தலைமையகத்தின் சுமார் 3,500 பேரையும் பழைய பதவியிலிருந்து விடுவித்து, புதிய சிறு குழுக்களில் இடம் கேட்டு மீண்டும் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். தேர்வில் அறிவைவிட மனப்பான்மைக்கு முன்னுரிமை தரப்பட்டது. வெளிப்படையாகச் செய்தார்கள் என்பதையும், உயர் பதவிக்காரர்களும் விதிவிலக்கு இல்லை என்பதையும் வங்கியின் பக்கம் சொல்ல வேண்டும். ஆயினும் வேலை கையில் இல்லாத நிலையில் ஒருவர் தரும் சம்மதத்தின் எடை என்ன? பொது விருப்பத்துக்குக் கட்டுப்பட மறுப்பவன் சுதந்திரனாக இருக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவான் என்ற கருத்தை ரூசோ 1762இல் முன்வைத்தபோது, அந்தப் பொது விருப்பத்தை உருவாக்குவதில் அவனுக்கும் பங்கு உண்டு என்பதே அவருடைய நியாயம். பங்கு இல்லாத இடத்தில் அந்த நியாயமும் இல்லை.

எல்லாம் முறையாகச் செய்த பிறகும் உடன்படாதவர்கள் மிஞ்சுவார்கள். அதிருப்தியாளருக்கு இரண்டு வழி உண்டு, வெளியேறுவது அல்லது குரல் எழுப்புவது என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வகுத்தார். தரத்தைப் பற்றி மிகவும் கவலைப்படுபவர்களே முதலில் வெளியேறுகிறார்கள் என்பது அவருடைய ஆய்வின் கசப்பான பகுதி. குரலை அடைத்தால் நிறுவனம் இழப்பது தன் நல்ல விமர்சகர்களைத்தான். வெளியேறவும் முடியாமல் பேசவும் முடியாமல் தங்குபவர்கள் தலையாட்டக் கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே பழைய முறையிலேயே நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு குழுவை அப்படியே விட்டுவைப்பது சகிப்பு மட்டுமல்ல, அஜைல் அறிக்கையின் சொந்தக் கொள்கைக்கே நெருக்கமானது: தன்னை எப்படி ஒழுங்கமைத்துக்கொள்வது என்பதை அந்தக் குழு முடிவுசெய்துவிட்டது. பக்கத்துக் குழுக்களோடு கைகோக்கும் இடத்தில், வெளியீட்டுத் தேதி, பொதுவான இணைப்புமுகம் போன்றவற்றில், எல்லோருக்கும் பொதுவான விதி தேவை. அங்கே ஒருவருடைய மறுப்பு மற்றவர் வேலையைத் தடுக்கிறது; லாக்கும் குடிமக்களின் பொதுநலனைக் காக்க அரசன் தலையிடலாம் என்றே அனுமதித்தார். அதற்கு அப்பால், ஒரு குழு காலையில் நின்றுகொண்டு கூடுகிறதா, உட்கார்ந்துகொண்டு கூடுகிறதா, கூடவே இல்லையா என்பது தலைமை அலுவலகத்தின் அதிகார எல்லைக்குள் வருவதில்லை.